இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அமெரிக்க உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் வருகிற பில்லின் அடியில் டிப்ஸ் எழுத ஒரு கோடு போட்டிருக்கும். நன்றாகக் கவனித்தார்கள் என்றால் 20 விழுக்காடு, சுமார் என்றால் 15 என்று மனக்கணக்குப் போட்டு எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். பரிமாறியவருக்கு நம்மாலான அன்பளிப்பு என்ற திருப்தியும் கூடவே இருக்கும். ஆனால் டெக்சஸ், ஜார்ஜியா, அலபாமா போன்ற மாநிலங்களில் அந்தப் பெண்ணுக்கு முதலாளி தன் பையிலிருந்து கொடுத்தாக வேண்டிய கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். (பெண் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டிப்ஸை நம்பி வேலை செய்வோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் பெண்கள்.) மீதிச் சம்பளம் நாம் எழுதுகிற அந்தக் கோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்கப் பெண்களின் உரிமை என்றதும் வாக்குரிமை, கருக்கலைப்பு, அதிபர் தேர்தல் என்றே பேச்சு போகிறது. அவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் சட்டமும் அரசியலும் பெண்ணின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் இடம் வேறு. “யார் தொழிலாளி”, “எத்தனை பேர் வேலை செய்யும் நிறுவனம்”, “எத்தனை நாளுக்குள் புகார்” என்கிற வரையறைகளிலும் எண்களிலும்தான் அது நடக்கிறது. அந்த எண்களை ஒரு காலத்து அரசியல் பேரம் முடிவு செய்தது. பிறகு வந்தவர்கள் அவற்றைத் தொடாமலே விட்டதும் அரசியல்தான்.

2.13 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். 1966 வரை பெரும்பாலான உணவகத் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அந்த ஆண்டு அவர்களைச் சேர்த்தபோது உணவக முதலாளிகளுக்கு ஒரு சலுகையும் சேர்ந்தே வந்தது: கூலியில் பாதி வரை டிப்ஸைக் கொண்டு ஈடுகட்டிக்கொள்ளலாம். 1991இல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனது. அதில் பாதி 2.125, முழுதாக்கினால் 2.13. அதுவரை பொதுக் கூலி ஏறினால் டிப்ஸ் தொழிலாளியின் கூலியும் சேர்ந்தே ஏறியது. 1996இல் கூலியை 5.15 டாலராக உயர்த்தும் மசோதா வந்தபோது, தேசிய உணவகச் சங்கத்தின் அழுத்தத்தால் இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். மற்றவர்களின் கூலி 5.15 ஆனது, பிறகு 2009இல் 7.25 ஆனது. டிப்ஸ் தொழிலாளிக்கு 1991இன் 2.13 அப்படியே நின்றுவிட்டது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் இன்று அதன் மதிப்பு 1991இன் ஒரு டாலரைக்கூட எட்டாது.

சட்டப்படி ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் செய்கிறது. அது நடைமுறையில் எப்படிக் கசிகிறது என்று பாருங்கள். வாரம் 40 மணி நேரம் என்றால் 7.25 கணக்கில் 290 டாலர் கைக்கு வர வேண்டும். முதலாளி தருவது 85 டாலர் 20 சென்ட். டிப்ஸாக 204.80 வந்தால் கணக்கு நேர். 150தான் வந்தது என்றால் குறைகிற 54.80 டாலரை முதலாளி போட வேண்டும். இந்தக் கணக்கு நாளுக்கு நாள் போடப்படுவதில்லை, வாரத்துக்கு ஒருமுறைதான். திங்கள் மதியம் ஆறு மணி நேரம் நின்று பத்து டாலர் சம்பாதித்தால், சனிக்கிழமை இரவின் நல்ல வருமானம் அந்தத் திங்களை விழுங்கிவிடும். குறையைக் கணக்கு வைத்துக் கேட்க வேண்டியதும் தொழிலாளிதான். கேட்பவருக்கு அடுத்த வாரம் சனிக்கிழமை ஷிஃப்ட் கிடைக்குமா என்பதை முடிவு செய்கிறவர் அந்த முதலாளியே.

இன்னொரு ஓட்டை: கரண்டி, முள்கரண்டி துடைத்துச் சுருட்டி வைப்பது, மேசை துடைப்பது, உப்பு புட்டி நிரப்புவது எல்லாம் டிப்ஸ் வராத வேலை. அந்த நேரத்துக்கும் 2.13 கொடுக்கலாமா? வேலை நேரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேலோ, தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேலோ போனால் முழுக் கூலி தர வேண்டும் என்று தொழிலாளர் துறை 2021இல் விதி போட்டது. 2024 ஆகஸ்டில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2025இல் “டிப்ஸுக்கு வரி இல்லை” என்று பெரிய அறிவிப்போடு வந்த சட்டம் 25,000 டாலர் வரையிலான டிப்ஸை 2028 வரை வருமான வரிக் கணக்கிலிருந்து கழிக்க விடுகிறது. வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காதவருக்கு அதில் ஒன்றும் இல்லை. 2.13ஐயும் அது தொடவில்லை. இது முடியாத காரியமா என்றால், கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸ் வருகிறதோ இல்லையோ முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். அங்கும் உணவகங்கள் நடக்கின்றன.

பரிமாறும் வேலை ஏன் பெண்ணின் வேலையாக ஆனது என்பதிலும் சட்டத்தின் கை இருக்கிறது. 1905இல் பேக்கரித் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்த நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒப்பந்த சுதந்திரம் கெடுகிறதாம். மூன்றே ஆண்டுகளில், 1908இல், சலவைக்கடைப் பெண்களுக்குப் பத்து மணி நேர வரம்பு வைத்த ஓரிகன் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெண்ணின் உடலும் தாய்மையும் பொதுநலனுக்கு உரியவை என்பது காரணம். பத்து மணி நேர வரம்பு அந்தப் பெண்களுக்கு நிம்மதி தந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் “பெண் தனி வகை” என்ற அந்த வாதத்தை வைத்து அடுத்து வந்த சட்டங்களைப் பாருங்கள். நியூயார்க்கின் பெரிய நகரங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை பெண்கள் உணவகங்களில் வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தை 1924இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பாடகிகளுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் விலக்கு. அதாவது இரவில் கண்விழித்தால் கெடுகிற உடல்நலம், மேடையேறிப் பாடினால் கெடாது! இரவு நேரத்தின் நல்ல வருமானம் ஆண்களுக்குப் போனது.

மிச்சிகனில் 1945இல் வந்த சட்டம் இன்னும் அப்பட்டம். 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் மதுக்கூடத்தில் மது ஊற்றிக் கொடுக்க உரிமம் வேண்டும். பெண்ணுக்கு அந்த உரிமம் கிடைக்க அவர் அந்த மதுக்கூடத்தின் ஆண் உரிமையாளருக்கு மனைவியாகவோ மகளாகவோ இருக்க வேண்டும். பெண்ணே உரிமையாளர் என்றால் அவருக்கும் கிடையாது, அவர் மகளுக்கும் கிடையாது. வேலண்டைன் கோசர்ட் என்ற உரிமையாளர் தன் மகளோடு சேர்ந்து வழக்குப் போட்டு, 1948இல் உச்ச நீதிமன்றத்தில் 6க்கு 3 என்று தோற்றார். அதே மதுக்கூடத்தில் மேசைக்கு மேசை தட்டு ஏந்திப் பரிமாற மட்டும் பெண்களுக்குத் தடையே இல்லை. கூலி கூடிய வேலை ஆணுக்கு, கூலி குறைந்த வேலை பெண்ணுக்கு என்று பிரித்துக் கொடுத்தது சந்தை என்று சொல்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

1938இல் வந்த நியாயமான தொழில் தரச் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்று முதல் குறைந்தபட்சக் கூலியை வைத்தபோது, வீட்டு வேலை செய்வோரும் பண்ணைத் தொழிலாளரும் வெளியே விடப்பட்டார்கள். முதுமையில் ஓய்வூதியம் தரும் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே விலக்கு. தொழிற்சங்க உரிமை தரும் சட்டத்திலும் அதே. காங்கிரஸின் முக்கியக் குழுக்கள் அப்போது, இனப் பிரிவினையை ஆதரித்த தென் மாநில ஜனநாயகக் கட்சியினர் கையில் இருந்தன. அன்றைய கறுப்பினப் பெண் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் “கறுப்பு” என்ற சொல்லும் இல்லை, “பெண்” என்ற சொல்லும் இல்லை. தொழிலின் பெயரைச் சொன்னதே போதுமாக இருந்தது.

1974இல் வீட்டுப் பணியாளர்களைக் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முதியோருக்குத் “துணை” இருப்பவர்களை மட்டும் விட்டுவிட்டார்கள். எப்போதாவது வந்து பேச்சுத்துணையாக இருக்கும் அண்டை வீட்டாரை மனதில் வைத்த விலக்கு அது. பிறகு முகமை நிறுவனங்கள் லட்சக்கணக்கான பெண்களை வேலைக்கு வைத்து, குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, மருந்து கொடுப்பது என எல்லாவற்றையும் அந்தத் “துணை”க்குள் அடக்கின. எவலின் கோக் என்ற பராமரிப்பாளர் கூடுதல் நேரக் கூலி கேட்டுத் தொடர்ந்த வழக்கில், 2007இல் உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2013இல் தொழிலாளர் துறை விதியை மாற்றியது. வழக்குகளைத் தாண்டி 2015இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜூலையில் அதே துறை அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற முன்மொழிந்திருக்கிறது. தொழிற்சங்க உரிமைச் சட்டத்தின் விலக்கோ 1935இலிருந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1963 ஜூனில் வந்தது. முழுநேரம் வேலை செய்யும் ஆண் ஒரு டாலர் வாங்கினால் பெண்ணுக்கு 59 சென்ட் என்றிருந்த காலம் அது. 2023இல் அது ஏறக்குறைய 83 சென்ட். அறுபது ஆண்டுகளில் 24 சென்ட்! சட்டம் இருந்தும் ஏன் இவ்வளவு மெதுவாக? முதலாவது, ஒரே இடத்தில், ஒரே திறன், உழைப்பு, பொறுப்பு கொண்ட வேலையைத்தான் அந்தச் சட்டம் ஒப்பிடும். ஆண்கள் நிறைந்த வேலையும் பெண்கள் நிறைந்த வேலையும் தனித்தனியாக இருந்தால் ஒப்பிடவே முடியாது. இரண்டாவது, பணிமூப்பு, தகுதி, உற்பத்தி அளவு ஆகிய மூன்று விலக்குகளோடு “பாலினம் அல்லாத வேறு எந்தக் காரணமும்” என்று நான்காவதாக ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. முந்தைய வேலையில் வாங்கிய சம்பளத்தைக்கூடப் பல நிறுவனங்கள் அந்தக் கதவு வழியாகக் கொண்டுவந்தன. முந்தைய சம்பளம் ஏன் குறைவாக இருந்தது என்று கேட்க அங்கே இடமில்லை.

லில்லி லெட்பெட்டரின் வழக்கில் இந்த எண்கள் எல்லாம் ஒன்றாகக் கைகோத்து நிற்பதைப் பார்க்கலாம். அலபாமாவின் கேட்ஸ்டன் நகரில் குட்இயர் டயர் ஆலையில் 1979இல் சேர்ந்தார், மேற்பார்வையாளராக இருந்தார். ஊதியத்தைப் பற்றிச் சக ஊழியரிடம் பேசக் கூடாது என்பது அங்கே நடைமுறை என்று பின்னாளில் அவர் காங்கிரஸிடம் சொன்னார். பேசும் உரிமையைத் தருவது தொழிற்சங்க உரிமைச் சட்டம். அதில் மேற்பார்வையாளர்களுக்கு இடமில்லை. ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது, யாரோ எழுதிவைத்த ஒரு துண்டுச் சீட்டில்தான் உண்மை தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பொறுப்பிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236.

ஜூரிகள் அவருக்கு 30 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுத்தார்கள். நீதிபதி அதை 3,60,000 ஆகக் குறைத்தார். காரணம், 1991இன் சட்டம் பாலினப் பாகுபாட்டு வழக்கில் வேதனைக்கும் தண்டனைக்குமான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது: 15 முதல் 100 ஊழியர் உள்ள நிறுவனத்துக்கு 50,000, 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் எவ்வளவு பெரிய நிறுவனம் ஆனாலும் 3,00,000. இனப் பாகுபாட்டு வழக்குக்கு 1866இன் பழைய குடிமை உரிமைச் சட்டம் வழியாக வரம்பில்லாமல் கேட்கலாம். பெண் என்பதற்காகப் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வழி இல்லை. 1991இல் எழுதிய அந்தத் தொகைகளை இன்றுவரை விலைவாசிக்கு ஏற்ப ஒரு டாலர்கூட உயர்த்தவில்லை.

அந்த 3,60,000உம் அவருக்குக் கிடைக்கவில்லை. சம்பளத்தை முடிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று சொன்னது. தெரியவே தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாற்றுத் தீர்ப்பை மன்றத்தில் உரக்க வாசித்தார். 2009 ஜனவரி 29இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதைத் திருத்தியது. இப்போது குறைந்த சம்பளம் வருகிற ஒவ்வொரு முறையும் 180 நாள் புதிதாகத் தொடங்கும். மாநிலத்திலும் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்கும் முகமை இருந்தால் 300 நாள். சம ஊதியச் சட்டத்தின் கீழ் நேராக நீதிமன்றம் போகலாம், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். வேண்டுமென்றே செய்தார்கள் என்று காட்ட முடிந்தால் மூன்று. இரண்டு கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன. நிறுவனத்தின் மனிதவளத் துறையில் கொடுக்கும் புகார் எந்தக் கடிகாரத்தையும் நிறுத்தாது. பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். லெட்பெட்டருக்கு அந்தப் புதிய சட்டத்தால் ஒரு டாலரும் வரவில்லை.

பேறுகால விடுப்புக்கு வருவோம். 1974இல் உச்ச நீதிமன்றம், கலிஃபோர்னியாவின் காப்பீட்டில் கர்ப்பத்தை விலக்கியது பாலினப் பாகுபாடு ஆகாது என்றது. உலகத்தைக் கர்ப்பிணிகள், கர்ப்பமில்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாம் கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்களே என்பது அதன் தர்க்கம். அந்தத் தர்க்கத்துக்குப் பதிலடியாக 1978இல் காங்கிரஸ் கர்ப்பிணிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. விடுப்புச் சட்டத்தைத் தந்தை புஷ் இரண்டு முறை ரத்து செய்த பிறகு, 1993இல் கிளின்டன் கையெழுத்திட்டார். 12 வாரம், சம்பளம் இல்லாமல். அதற்கும் நிறுவனத்தில் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், அந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம், 75 மைல் சுற்றளவில் 50 ஊழியர்கள். தொழிலாளர் துறையின் 2018 கணக்கெடுப்பில் இந்த வடிகட்டியைத் தாண்டியவர்கள் 56 விழுக்காட்டினர். அதிகம் பேர் அறியாத ஒரு விதியும் உண்டு: கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் குழந்தைப் பிறப்புக்கு இருவருக்கும் சேர்த்தே 12 வாரம். எந்த வீட்டில் யார் அதை எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

குழந்தைக் காப்பகம் அரசு செய்ய முடியாத காரியம் என்று அங்கே சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் செய்தார்கள். ஆலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டபோது லான்ஹாம் சட்டம் என்ற போர்க்காலச் சட்டம் தந்த அரசுப் பணத்தில் நாடெங்கும் காப்பகங்கள் திறந்தன. போர்ட்லாந்தின் கப்பல் கட்டும் தளத்தில் கைசர் நிறுவனம் 24 மணி நேரக் காப்பகம் நடத்தி, வேலை முடிந்து போகும் தாய்க்குச் சூடான இரவு உணவையும் கட்டிக் கொடுத்தது. போர் முடிந்தது, 1946இல் பணம் நின்றது. 1971இல் நாடு முழுவதற்குமான காப்பகச் சட்டம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. டிசம்பர் 9 அன்று நிக்சன் அதை ரத்து செய்தார். குடும்பத்தை மையமாகக் கொண்ட வளர்ப்பை விட்டுக் கூட்டு வளர்ப்பின் பக்கம் அரசு சாய்ந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

காப்பகச் செலவோடு வருமான வரியும் சேரும்போது என்ன ஆகிறது என்று 2024இன் எண்களில் பார்ப்போம். 1948 முதல் தம்பதியர் சேர்ந்து ஒரே கணக்கில் வரி கட்டுகிறார்கள். கழிவுகள் போகக் கணவரின் வருமானம் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் 94,300ஐத் தாண்டினால் 22 விழுக்காடு. இப்போது மனைவி 40,000 டாலர் வேலைக்குப் போகிறார். அவருடைய முதல் டாலரே 22 விழுக்காட்டில் தொடங்குகிறது: 8,800 டாலர் வரி. அதே 40,000ஐத் தனி ஆளாகச் சம்பாதித்தால் 2,816தான். சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் 3,060. கையில் 28,140. அதிலிருந்து காப்பகம். “நீ வேலைக்குப் போய் என்ன மிச்சம்” என்று வீட்டில் கேட்கும்போது, அந்தக் கேள்வியின் பாதியை வரிச் சட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறது. சட்டத்தில் கணவன் முதலில், மனைவி இரண்டாவது என்று எங்கும் இல்லை. குறைவாகச் சம்பாதிப்பவரின் வருமானம் மேலே அடுக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

முதுமையில் இதே கணக்கு திரும்ப வருகிறது. 1939இல் சமூகப் பாதுகாப்பைத் திருத்தியபோது, கணவரின் ஓய்வூதியத்தில் பாதி மனைவிக்கு என்று வைத்தார்கள். கணவருக்கு 2,400 டாலர் என்றால், ஒரு நாளும் வேலைக்குப் போகாத மனைவிக்கு 1,200. வாழ்நாளெல்லாம் குறைந்த கூலிக்கு உழைத்து, ஒவ்வொரு சம்பளத்திலும் 6.2 விழுக்காடு கட்டி, தன் பெயரில் 1,000 டாலர் ஓய்வூதியம் சேர்த்த மனைவிக்கு? அவருடைய 1,000, அதோடு 200 சேர்த்து, அதே 1,200. அவர் கட்டிய பணத்தால் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் வரவில்லை.

இந்த 1939இன் விதி, எச்-1பி விசாவில் கணவர் வேலை பார்க்க, எச்-4 விசாவில் வீட்டிலிருக்கும் பெண்களையும் வந்து சேர்கிறது. சென்னையிலோ கோவையிலோ பொறியாளராகவோ ஆசிரியராகவோ இருந்துவிட்டு வந்த எத்தனையோ பேர் இதில் இருக்கிறார்கள். 2015 மே 26 வரை எச்-4இல் யாருமே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அன்று முதல், கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஏற்கப்பட்டிருந்தாலோ எச்-1பி ஆறு ஆண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ மட்டும் அனுமதி கேட்கலாம். அனுமதி பெற்றவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்கள், பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்தியர்கள். முதல் ட்ரம்ப் அரசு 2017இல் இதை ரத்து செய்வதாக அறிவித்துச் செய்து முடிக்கவில்லை. ஒரு வழக்கோ 2015இலேயே தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்டது. அத்தனை காலமும் ஒரு நிரந்தர வேலையை ஒப்புக்கொள்ளலாமா கூடாதா என்று அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள்.

வேலை அனுமதிக்கான விண்ணப்பம் ஐ-765, பிரிவு சி26. காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முதல் நாளே அனுப்பிவிடுவது நல்லது, அட்டை வரத் தாமதமானால் வேலையை நிறுத்த வேண்டிவரும். அனுமதி இல்லாத ஆண்டுகள் ஒவ்வொன்றும் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் பூஜ்யம். சொந்த ஓய்வூதியத்துக்கு 40 புள்ளி, அதாவது ஏறக்குறைய பத்தாண்டு உழைப்பு வேண்டும். தொகையை நிர்ணயிப்பது 35 ஆண்டுச் சராசரி. எட்டு ஆண்டு பூஜ்யம் விழுந்த பெண் கடைசியில் கணவரின் பாதியைத்தான் நம்பியிருப்பார்.

மணமுறிவு நடந்தால் எச்-4 தகுதி அன்றோடு போய்விடும். முன்னாள் கணவரின் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் பங்கு கேட்க, மணவாழ்க்கை பத்து ஆண்டு முழுதாக நீடித்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டு பதினொரு மாதத்துக்கு ஒன்றும் கிடையாது. பத்து ஆண்டு என்பது மனு போட்ட தேதி வரை எண்ணப்படுவதில்லை, தீர்ப்பு இறுதியாகும் தேதி வரை. வழக்கறிஞரிடம் போகும் முன் திருமணச் சான்றிதழை எடுத்து அந்த நாட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.